சந்தேகப் பிராணி சிகாமட் போனாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கோலாலம்பூரிலிருந்து ரயில் கிளம்பியது. சிகாமட், ஜொகூர் மாநிலத்தின் வடகோடி ஊர். இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டரை மணி நேரம். பெட்டிக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. பக்கத்து இருக்கை மலாய்க்கார அம்மா டப்பாவைத் திறந்து, இருந்த நாலு பலகாரத்தில் ஒன்றை நீட்டினார். வயிறு சரியில்லை என்று சைகை காட்டினேன். ரயிலில் யாராவது தின்னக் கொடுத்தால் அதில் மயக்க மருந்து இருக்கும் என்று நம்புகிற ஊர்க்காரி நான். அந்த அம்மா நாலையும் தானே தின்றுவிட்டு, மயங்காமல் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை கோமதி இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கல்யாணமாகி சிகாமட்டுக்குப் போனவள். கணவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. இப்போது நாற்பத்தெட்டு வயதில், தேவா என்கிற பள்ளி வேன் ஓட்டுநரைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். "நீ வந்து பாரு. வேணாம்னு சொன்னா விட்டுடறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லத்தான் கும்பகோணத்திலிருந்து கிளம்பினேன். காரணத்தை மட்டும் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு இறங்கினேன். கோமதிக்கு கிளினிக்கில் வேலை, தேவாதான் வந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. என்னை மயக்கத்தான் இஸ்திரி போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"வாங்கக்கா. பசியா இருப்பீங்க, சாப்ட்டுட்டு போலாம். பேக்கைக் கொடுங்க."

பையைக் கொடுக்கவில்லை. கடைத்தெருவில் ரொட்டி சானாயும் தேத்தாரேயும் வாங்கித் தந்தார். நம் ஊர் பரோட்டாவுக்குத் தங்கை முறை ரொட்டி. தேத்தாரே நன்றாக ஆற்றிய பால் டீ. ரொட்டி ஒரு வெள்ளி எண்பது காசு, டீ இரண்டு வெள்ளி இருபது. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். ருசியைக் குறை சொல்ல வழியில்லை.

வெளியே வந்தால், தேவாவின் வேனை மறித்து ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை. தேவா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சாவகாசமாகக் காரின் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார். கார் நகர்ந்தது! பிடித்துவிட்டேன், இதுதான் காரணம்!

"ஐயோ, யாராவது வாங்களேன்! அடுத்தவங்க காரைத் தள்ளிட்டுப் போறாரு!"

தெருவே திரும்பியது. கடைக்குள்ளிருந்து காரின் சொந்தக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று காத்திருந்தேன். "சாரி அண்ணே, ரொட்டி வர லேட்டு லா!" என்றவர், தானும் சேர்ந்து தள்ளினார்.

"இங்க இப்படித்தான்க்கா" என்றார் தேவா. "வழியை மறிச்சு நிறுத்தினா, ஹேண்ட்பிரேக் போடாம ஃப்ரீ கியர்ல விட்டுட்டுப் போவாங்க. அவசரக்காரன் தள்ளிக்குவான்."

"எவனாவது கொண்டுபோயிட்டா?"

"அலமாக்! சாவி இல்லாம எவ்ளோ தூரம்க்கா தள்ளுவான்?"

அலமாக் என்றால் இங்கே 'அட கடவுளே'. டீக்கடையே சிரித்தது. தேவா சிரித்ததில் கேலி இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கோமதி அடுப்படியில் என்னைப் பிடி பிடியென்று பிடித்தாள். "உனக்கு என்னதாங்க்கா பிரச்சினை?"

"எனக்கு ஆளை எடைபோடத் தெரியாதுடி. நான் ஏமாறவே பிறந்தவ. அதான் ஜாக்கிரதையா இருக்கேன்."

"எத்தனை தடவை ஏமாந்திருக்க? சொல்லு."

விழுப்புரம் சந்திப்பில், பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பெரிய மனிதர் பெட்டியோடு மறைந்த கதையைச் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

"சரி, அடுத்தது?"

யோசித்தேன். அடுத்தது என்று ஒன்றுமே இல்லை.

"ஒரே ஒரு பெட்டி! அதுக்காக உன்னைப் பொண்ணு பார்க்க வந்த மூணு பேரையும் விரட்டிட்ட" என்றாள். "நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவர் போனதும், தனியா எனக்கு ஒண்ணும் முடியாதுன்னு எத்தனை வருஷம் சொல்லிட்டிருந்தேன். ஒரு நாள், முடியாதுன்னு யார் சொன்னதுன்னு கேட்டுக்கிட்டேன். நான்தான் சொல்லியிருக்கேன், வேற யாரும் இல்லை. மறுவாரமே அவர் காரை நானே ஓட்ட ஆரம்பிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சீக்கிரமே படுத்துவிட்டேன்.

சனிக்கிழமையும் கோமதிக்கு கிளினிக், தேவாதான் ஊர் காட்டக் கூட்டிப் போனார். எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். சந்தேகம் வரும்போதெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவது, பலித்ததா என்று பிறகு பார்ப்பது. ஆற்றோரம் தேவா ஒரு சுவரைக் காட்டி, ஒரு தடவை வெள்ளம் ஆள் உயரத்துக்கு மேல் வந்தது என்றார். கதை அளக்கிறார் என்று எழுதினேன். அடுத்தடுத்த சுவர்களிலும் அதே உயரத்தில் கறை இருந்தது. மதியத்துக்குள் பதினோரு சந்தேகம். பலித்தது ஒன்றே ஒன்று: கடையில் வாங்கிய கறிபாப், நம் ஊர்க் காரச் சோமாசி மாதிரி, நேற்றுப் போட்டது.

பன்னிரண்டாவது சந்தேகம் மூன்று மணிக்கு வந்தது. தேவா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், வேனுக்கு அந்தப் பக்கம் நின்று மெல்லப் பேசினார். விடுவேனா? இந்தப் பக்கம் ஒட்டி நின்று கேட்டேன்.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்கல கோமதி. உனக்கு இருக்கறது அக்கா ஒருத்திதான். நான் ஒதுங்கிக்கிறேன். பரவால்ல லா, அழாத."

அந்த நிமிஷம் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? நான் நிற்பது தெரிந்துதான் இப்படிப் பேசுகிறாரோ என்றது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இந்த மனிதர் இனி எதைச் செய்து காட்டினாலும் எனக்குப் போதாது. அவரிடம் குறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; அதைக் கண்டுபிடிக்கிற கண் என்னிடம் இல்லை. எதையும் பார்க்கும் முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிடுகிற கண் அது. குறிப்பேட்டை மூடினேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ரயில். கும்பகோணத்தில் என் வீட்டு வாசலுக்கு மூன்று தாழ்ப்பாள். முப்பது வருஷத்தில் ஒரு திருடனும் வந்ததில்லை. விருந்தாளிகளும் அவ்வளவாக வந்ததில்லை என்பது நடைமேடையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

தேவா தண்ணீர் வாங்கப் போயிருந்தார். "கல்யாணத்தைச் சீக்கிரம் வெச்சுக்கோ" என்றேன்.

கோமதி நம்பவில்லை. "நிஜமாவாக்கா? சந்தேகமெல்லாம் போயிடுச்சா?"

"போகலைடி. அது என்னோடது, ஊருக்கு நானே எடுத்துட்டுப் போறேன். உனக்குச் சீதனமாத் தர மாட்டேன்."