பரிமளாவின் கணக்கில் ஏறிய மறதிகள்

தறியில் பரிமளாவின் ஒரு கை நாடாவைத் தள்ள, இன்னொரு கை அதை வாங்கிக்கொண்டது. புடவையின் உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடம் வந்ததும் இரண்டு கைகளும் நின்றுவிட்டன.

"ஏங்க, அன்னமா, மயிலா?" என்று கேட்டாள் பரிமளா.

"மயிலு," என்றான் அவள் புருஷன் தனசேகரன்.

பட்டு முதலாளி ஜெகநாதன் தன் இளைய மகள் கல்யாணத்துக்கு இரண்டு புடவை நெய்யக் கொடுத்திருந்தார். மணப்பெண்ணுக்கு ஒன்று, அவள் அக்காவுக்கு ஒன்று. ஒன்றின் முந்தானையில் அன்னம், மற்றதில் மயில். தறியில் இருப்பது மணப்பெண்ணுடையது. அதற்கு அன்னம் என்றுதான் பரிமளாவுக்கு நினைவு.

ஆனால் அவள் நினைவை யார் நம்புவது? சின்ன வயதிலிருந்தே வலிப்பு, மாத்திரை தின்கிறாள். "எனக்கு எதுவும் நிக்கறதில்ல" என்று தெருவெல்லாம் அவளே சொல்லிவைத்திருந்தாள். அதனால் வீட்டில் சாவியோ குடையோ யார் தொலைத்தாலும் அது அவள் கணக்கில்தான் ஏறும்.

முதலாளியிடம் கேட்கவும் பயம். "மறதி ஜாஸ்தின்னா சாதாப் புடவையே நெய்யட்டும்" என்று அவர் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். கல்யாணப் புடவை கைவிட்டுப் போனால் பரிமளாவுக்குத் தறியில் உட்காரவே மனசு வராது.

மறுநாள் புருஷனோடு மாத்திரை வாங்க வேலூர் போனபோது டாக்டரம்மாவிடம் தன் மறதியைச் சொல்லி முறையிட்டாள்.

"இந்த வாரம் என்னம்மா மறந்தீங்க?"

"செவ்வாக்கிழம பால பொங்க வுட்டேன். புதன்கிழம தண்ணி வந்தப்ப கொடம் வெக்கல. வியாழக்கிழம கொத்தமல்லி வாங்கப் போயி கறிவேப்பில வாங்கியாந்தேன். வெள்ளிக்கிழம..."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மறந்ததெல்லாம் இவ்ளோ வரிசையா ஞாபகம் இருக்கே." பிறகு தனசேகரன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, எதெத மறக்கறாங்க?"

அவன் யோசித்தான். "நெறையங்க. இப்ப டக்குனு வரல."

வலிப்பு வந்த அன்று நடந்தது நினைவில் நிற்காமல் போகலாம், மாத்திரையால் கொஞ்சம் மந்தமும் இருக்கும், மிச்சத்தைப் பயம்தான் பெரிதாக்குகிறது என்றார் டாக்டரம்மா. முதலாளி புடவையைப் பற்றிப் பேசிய அன்று வலிப்பு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது பரிமளா இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், முந்தானையில் அன்னம் விழுகிற துளை அட்டைகளைத் தறிமேல் ஏற்றச் சொன்னாள் தனசேகரனிடம்.

"தப்பாயிட்டா?"

"என் மறதி மேல போடுங்க. இத்தினி நாளா போட்டுகினுதான இருக்கீங்க."

நெய்து முடித்த புடவையை முதலாளி வீட்டில் விரித்ததும் ஜெகநாதனின் புருவம் ஏறியது. "மயில்னு இல்ல சொன்னேன்?"

தனசேகரன் மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனியவில்லை. "அன்னம்தாங்க சொன்னீங்க. டீ குடிச்சிகினே சொன்னீங்க. மயிலு பெரிய பொண்ணுக்கு."

மணப்பெண் லாவண்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அன்னம் வேணும்னு நான்தானப்பா கேட்டேன்? உங்களுக்கு எதுவுமே நிக்கறதில்ல."

பரிமளா சிரிப்பை அடக்கிக்கொண்டு, புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, லாவண்யாவின் கையில் கொடுத்தாள்.