மைமூன் ராத்தாவின் முயல்களைத் தொடாதீர்கள்

முயல் வளர்ப்பவர்களே, நம் எல்லோருக்கும் அக்காவான மைமூன் ராத்தா நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நம்மை விட்டுப் போய்விட்டார்! சைக்கிளில் வந்து சொன்னவர், கொல்லையில் நிற்கும் ராத்தாவின் முயல்களைப் பங்கு போட்டு அறுக்கச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதையும் அதே மூச்சில் சொன்னார். அதனால்தான் அழுது முடிக்காமலே இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்தா மீமிசலில் தையல் தைத்துப் பிழைத்தவர். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், கறம்பக்குடிச் சந்தையில் ஒரு வெள்ளை முயலை வாங்கி, சுல்தான் என்று பெயர் வைத்தார். கம்பிவலைத் தரை போட்ட கூண்டு. முற்றத்தைப் போலவே அதையும் தினம் கழுவிவிடுவார். கொழுத்த சுல்தானுக்குப் பின்னங்கால்களின் அடியில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிட்டது.

அவருடைய அண்ணன் செய்யது, வெள்ளிக்கிழமை அறுத்துவிடலாம் என்றார். தெருவோ, "தையக்காரிதானே, அது காலுக்கு ஜோடு தச்சுப் போடேன்" என்று சிரித்தது. ராத்தா நிஜமாகவே தைத்துப் போட்டார். சுல்தான் கடித்து எறிந்துவிட்டது. அந்தத் துணியை எடுத்தபோது கை நனைந்தது. தாம் கழுவிய ஈரமும் அந்தக் கம்பியும்தான் புண்ணுக்குக் காரணம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கழுவுவதை நிறுத்தினார். கம்பிமேல் பலகை, அதன்மேல் தடிமனாகக் காய்ந்த வைக்கோல். நனைந்ததை அப்போதைக்கப்போது மாற்றினார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணைத் துடைத்து, ஈரம் போக ஒற்றினார். நகம் நீண்டால் பாரமெல்லாம் குதிகாலுக்குப் போகும் என்று நுனியை மட்டும் வெட்டினார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கத்தியோடு வந்தார். ராத்தா முயலின் காலைத் தூக்கிக் காட்டினார்.

"புண்ணு காயுது, பாருங்கண்ணே. கத்திய அங்கிட்டு வச்சுட்டு, போயி வைக்கோல் கொண்டாங்க."

"அப்ப மத்தியானச் சோத்துக்கு?"

"கத்திரிக்கா இருக்கு."

இதைச் செய்யது அண்ணனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சுல்தான் அதன்பிறகு பல வருஷம் ஓடித் திரிந்தது. புத்தகமோ ஆசானோ இல்லாமல் முயல் வளர்க்கக் கிளம்பிய நானும் ஒருநாள் என் முயலின் கால்புண்ணுக்கு மருந்து கேட்டுப் போய் நின்றேன். "மருந்து இருக்கட்டும். மொதல்ல கூண்டுத் தரையக் காட்டுங்க" என்றார். என்னைப் போன்ற பொடியனுக்கும் அந்த 'ங்க' உண்டு.

இன்று காலை போய்ப் பார்த்தேன். அவர் கடைசியாகப் பரப்பிய வைக்கோலில் ஒரு குட்டி காலை நீட்டிப் படுத்திருந்தது. அடிக்கால் முழுக்க மயிர். கூண்டுக்கு முன்னால் செய்யது அண்ணன் உட்கார்ந்திருந்தார். "வைக்கோலோட வாரவன் மட்டும் உள்ள வா" என்று சொந்தக்காரர்களை மறித்துக்கொண்டிருந்தார்.

ராத்தா, நிம்மதியாகப் போய் வாருங்கள். நாங்கள் விடமாட்டோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஆளுக்கொரு கட்டு வைக்கோலோடு ராத்தாவின் கொல்லைக்கு வாருங்கள். ஒரு முயலைக் கொண்டுபோய் வளருங்கள். படித்ததும் இந்தத் தாளை அடுத்தவரிடம் கொடுங்கள். வைக்கோல் காய்ந்திருக்கட்டும்.