பலேர்மோவில் எங்கே சாப்பிடலாம்

என் மகள் செப்டம்பரில் சிநேகிதிகளோடு இத்தாலிக்குப் போகிறாள். நேற்றுச் சாயங்காலம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு போனில் எதையோ தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். பலேர்மோவில் எங்கே சாப்பிடலாம் என்று பார்க்கிறாளாம். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் வாங்கிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். எட்டிப் பார்த்தேன். ஒரு கடைக்கே ஆயிரக்கணக்கில் அபிப்பிராயங்கள். ஒருவர் மத்தி மீன் பிரமாதம் என்கிறார், அடுத்தவர் அதே மீனை வாயில் வைக்க முடியவில்லை என்கிறார். பரிமாறியவர் சிரிக்கவில்லை என்பதற்காக ஒரு மகானுபாவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். நீங்கள் பலேர்மோவுக்குப் போயிருக்கிறீர்களா என்று மகள் கேட்டாள். "போனதில்லை. ஆனா ஒரு காலத்துல ஆக்லாந்துல எங்களைக் கேக்காம யாரும் அங்க சாப்பிட்டதில்லை" என்றேன். அப்பா அளக்கிறார் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

பாதி அளப்புதான், ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் பலேர்மோ தெரிந்தவர் பிலோ அக்கா. அவரும் அப்போது அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு சின்னப் பயண ஏஜென்சியில் எனக்கு வேலை. அந்த இடத்தை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். ஈரக் கார்ப்பெட், தூள் காப்பி, டிக்கெட் புத்தகத்தின் கார்பன். அப்போது விமான டிக்கெட்டைக் கையால் எழுதுவோம். தாளின் முதுகில் சிவப்பு மை பூசியிருக்கும். சாயங்காலமானால் விரல், சட்டைக் கை, சில நாள் மூக்கு நுனி வரை சிவந்திருக்கும். திருச்சியில் பி.காம். படித்துவிட்டு வந்து, கணக்கு வேலை கிடைக்காமல் இதில் ஒதுங்கியவன் நான். திருச்சிக்குப் பக்கத்திலிருக்கும் கொழும்பைக்கூடப் பார்த்திராத ஆள், ரோமில் இறங்கி நேப்பிள்ஸுக்கு ரயில் பிடியுங்கள், அங்கிருந்து கப்பல் என்று வரைபடத்தில் விரலை ஓட்டுவேன். அந்தத் தைரியம் இப்போது வராது.

எனக்கு அடுத்த மேசை பிலோ அக்காவுடையது. பிலோமினா முழுப்பெயர், மன்னார் ஊர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். நான் 'பேசுறது' என்றால் "கதைக்கிறது எண்டு சொல்லும் தம்பி, வாய் நோகாது" என்பார். கோபமும் சிரிப்பும் அவருக்கு ஒரே நிமிடத்தில் வரும்.

அவருக்கு அன்ரன் என்று ஒரே தம்பி. சண்டைக்குப் பயந்து ஜெர்மனிக்கு என்று ஏஜெண்டோடு புறப்பட்டவர், இத்தாலியோடு நின்றுபோனார். பலேர்மோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடல் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, நல்லா இருக்கிறேன், அவ்வளவுதான். கடையின் பெயர் இல்லை. அதன்பிறகு இரண்டு வருஷமாக ஒரு வரி வரவில்லை. அக்கா போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. மன்னாரிலிருந்து அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் தம்பியைப் பற்றிக் கேட்பார். அவன் சுகமாக இருக்கிறான் என்று அக்கா பதில் எழுதுவார். எழுதிவிட்டு அந்த ஏரோகிராமை ஒட்டாமல் மத்தியானம் வரை மேசையில் வைத்திருப்பார். ஒட்டும்போது என் பக்கம் பார்க்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் இத்தாலி போகிற வெள்ளைக்காரர்கள் வந்து விழுந்தால் சும்மா விடுவாரா? வெனிஸ் என்று கேட்டு வருவார்கள். "வெனிஸுக்கு எல்லாரும்தான் போகிறார்கள், தண்ணீர் வேறு நாறுமாம்" என்பார் அக்கா, தன் கன்னியாஸ்திரி மடத்து ஆங்கிலத்தில். கால் மணி நேரத்தில் பலேர்மோவுக்கு டிக்கெட் எழுதிவிடுவார். தேன்நிலவுக்கு வந்த ஜோடியைக்கூட விட்டதில்லை.

டிக்கெட்டோடு ஒரு மஞ்சள் அட்டையும் போகும். அக்காவே தட்டச்சு செய்து நகலெடுத்தது. மூன்று கேள்விகள். எந்தக் கடையில் சாப்பிட்டீர்கள், சாப்பாடு எப்படி, சமையலறையில் யார் யார் இருந்தார்கள். மூன்றாவதைப் பார்த்து யாராவது புருவத்தைத் தூக்கினால், "கையைப் பார்க்காமல் ருசியைச் சொல்ல முடியுமா?" என்பார். நியாயம்தான் என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அட்டையை மறக்காமல் நிரப்பி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆல்பனியிலிருந்து ஒரு தச்சர் வந்தார். ஆக்லாந்துக்கு வடக்கே, அப்போது மாடு மேய்கிற ஊர் அது. அந்த மனிதர் ஒரு கடையின் சமையலறையை அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி என்று அளவோடு வரைந்துகொண்டு வந்திருந்தார். தொட்டியருகே ஒரு ஆள் படம். கீழே, 'உங்கள் நாட்டுப் பக்கத்து ஆள் போல இருக்கிறார், முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.' அக்கா அந்தப் படத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அட்டைகளைத் தெருவாரியாக ஒரு ஷூ பெட்டியில், அக்கா பாஷையில் சப்பாத்துப் பெட்டியில், அடுக்கியிருந்தோம். சமையலறையில் நம் ஆட்கள் மாதிரி யாராவது இருந்ததாக எழுதியிருந்தால், அக்கா சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போடுவார். அங்கே அன்ரன் இருக்கலாம், அடுத்து போகிறவரும் அங்கேயே போய்ப் பார்க்கட்டும் என்பதற்காக. விஷயம் தெரியாத முதலாளி கிரஹாம், நட்சத்திரம் என்றால் ருசி என்று நினைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன். வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டிப் பெருமைப்படுவார். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆக்லாந்துக்காரர்கள் ஆயிரமாயிரம் மைல் பறந்துபோய், எங்கே நம் பையன்கள் தட்டுக் கழுவுகிறார்களோ அங்கே விருந்து சாப்பிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் உச்சகட்டமாகப் புகழ்வதே 'நாட் பேட்' என்றுதான். பிடிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அதனால் பிழைத்தோம்.

டக் வரும் வரைக்கும்.

டக்கும் மார்கரெட்டும் பக்கத்து லின்ஃபீல்டில் இருந்த ஓய்வுபெற்ற தம்பதி. நாற்பதாவது கல்யாண நாளைக் கொண்டாட இத்தாலி போயிருந்தார்கள். ஒரு ஜூன் மாத மழை நாளில், சாயங்காலம் நாலு மணி இருக்கும், டக் மார்கரெட்டோடு உள்ளே வந்து உட்காராமல் நின்றார். அட்டையைக் கவுண்டரில் வைத்தார். கல்யாண நாள் அன்றைக்கு மனைவியை நட்சத்திரக் கடைக்குக் கூட்டிப் போனாராம். வாழ்க்கையில் அவ்வளவு மோசமான சாப்பாட்டைத் தின்றதில்லையாம். "ஸ்பகெட்டியைத் துண்டு துண்டாக உடைத்திருந்தார்கள். கூழ் மாதிரி வெந்திருந்தது. காய்ந்த மிளகாய். அதோடு கறுப்பாகக் குட்டிக் குட்டி விதை, தட்டு முழுக்க. பூச்சி என்றே நினைத்தோம்."

அக்கா எழுந்துவிட்டார். "கடுகு" என்றார் என்னைப் பார்த்து. "தம்பி, தாளிச்சிருக்கிறான்."

டக் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு கிரஹாம் வெளியே வந்தார். இந்தக் கடைக்கு யார் நட்சத்திரம் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தது என்று கேட்டார். அக்கா ஒளிக்கவில்லை. தம்பியை, கடிதத்தை, அம்மாவுக்கு எழுதிய பொய்யை, நட்சத்திரத்தின் அர்த்தத்தை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். என் வேலையும் சேர்ந்து போகும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிரஹாம் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். "எத்தனை நாளாக?" என்றார். இரண்டு வருஷம் என்றார் அக்கா. "முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைத் தொலைபேசியை வயர் நீளும் மட்டும் இழுத்து வந்து அக்கா முன் வைத்தார்.

அதுவரை வாய் திறக்காத மார்கரெட் கைப்பையைத் துழாவி அந்தக் கடையின் பில்லை எடுத்தார். அன்றைக்குச் சமையல்காரர் வரவில்லையாம், தட்டுக் கழுவுகிற பையன் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறான். டக் கத்தியபோது அவன் முகம் வாடியதைப் பார்த்து, மார்கரெட் பிறகு சமையலறைக்குள் போய் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தாராம். "பாவம், பொய்தான் சொன்னேன்" என்றார். பில்லில் தொலைபேசி எண் இருந்தது.

ஆனால் பலேர்மோவில் அப்போது விடிகாலை, கடை திறந்திருக்காது. ஏழு மணிக்கு எடுத்தால்தான் அங்கே காலை ஒன்பது. இங்கேதான் டக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். புகார் சொல்ல வந்த மனிதர், வீட்டுக்குப் போகவில்லை. மழையில் நடந்துபோய் எல்லாருக்கும் மீனும் சிப்ஸும் பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து செய்தித்தாள் மேலேயே வைத்துத் தின்றோம். அக்கா ஒரு சிப்ஸைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

ஏழு மணிக்கு அக்கா எண்ணை அழுத்தினார். யாரோ ஒரு இத்தாலியப் பெண். ஆங்கிலம் பலிக்கவில்லை. "தமிழ், தமிழ்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். பாத்திரச் சத்தம். அப்புறம் ஒரு ஆண் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அன்ரன் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். ஆனால் அவர் போனை வைக்கவில்லை. "நான் மன்னார் பிலோ. நியூசிலாந்திலயிருந்து கதைக்கிறன். என்ர தம்பி அன்ரனைத் தேடுறன்."

"எந்த அன்ரன் அக்கா? இங்க ஆறு அன்ரன் இருக்கினம்."

"இடது இமையில வெட்டுக்காயம். கதைக்கேக்க கொஞ்சம் திக்கும்."

"மீன் அன்ரனோ? ஓம் அக்கா, இருக்கிறார். சந்தையில மீன் தூக்கிறார். ஒரு மணித்தியாலத்தில திரும்ப எடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்." பிறகு சற்று நின்று, "அக்கா, போன கிழமை உங்கட நாட்டிலயிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தவ. கண்டா மன்னிப்புச் சொல்லுங்கோ. சமையல் பிழைச்சுப்போச்சு."

நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாருங்கள், சாப்பாட்டுக் கடை வேலை போய் ஒன்றரை வருஷமாயிற்று அன்ரனுக்கு. அவர் இல்லாத இடத்தில் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். அந்த மீன் சந்தையை நாங்கள் அனுப்பியவர்களில் பாதிப்பேர் வளைத்து வளைத்துப் படம் எடுத்து வந்திருந்தார்கள். சந்தையில் யார் இருந்தார்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு மறுபடி எடுத்தார். "அ... அக்கா" என்றது குரல். இரண்டு வருஷமாக ஏச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தவர் அக்கா. "ஏன்டா எழுதேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

"என்னத்தை எழுத? அம்மாவிட்ட ஹோட்டல் வேலை எண்டு சொல்லிப்போட்டன்."

"மீன் தூக்கினா எழுதக் கூடாதோ? மன்னாரில என்ன, மந்திரி வேலையோ பாத்தனீ?" அவ்வளவுதான், அணை உடைந்தது. ஏச்சும் அழுகையுமாக அக்கா பொரிந்து தள்ளியதை, ஒரு வார்த்தை புரியாத மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். டக் என் பக்கம் சாய்ந்து, "அவன்தானா?" என்றார். அவர்தான் என்றேன். "அப்படியானால் அந்தச் சாப்பாடு அவ்வளவு மோசமில்லை" என்றார் டக்.

இப்போது அந்த ஏஜென்சி இல்லை. கையெழுத்து டிக்கெட் போயிற்று, அப்புறம் டிக்கெட்டே போயிற்று, பிறகு நாங்களும் போனோம். அந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். டக்கும் மார்கரெட்டும் காலமாகிவிட்டார்கள். கடை மூடியபோது கிரஹாம் சப்பாத்துப் பெட்டியை எடுத்துப் போகிறாயா என்று அக்காவிடம் கேட்டார். "ஆளைக் கண்டாச்சு, இனி ஆருக்கு?" என்று அக்கா அதைப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார். தடுக்காமல் விட்டோமே என்று இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம். அதில் இருந்தது கடைகளின் பட்டியல் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக, கூச்சத்தை விட்டு அயல்நாட்டுச் சமையலறைகளுக்குள் தலையை நீட்டிப் பார்த்த மனிதர்களின் கையெழுத்து. அப்படி ஒரு காரியத்தை இன்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்கிறாள் மகள். சரிதான்.

போன மாதம் பிலோ அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அன்ரன் இப்போது லண்டனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவர் படுக்கப் போகிற நேரம் இங்கே விடிகிற நேரம், அதனால் தினமும் தவறாமல் ஒரு பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புகிறார். கூடவே கைவைத்தியம், பிரசங்கம், குழந்தைகள் ஆடுகிற வீடியோ.

"தாங்கேலாது தம்பி. சத்தத்தை நிப்பாட்டி வச்சிருக்கிறன்" என்று போனைக் காட்டினார் அக்கா.

பாதி ஆக்லாந்தை அனுப்பித் தேடின தம்பியையா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சத்தம் மட்டும்தான் இல்லை. எழும்பின உடன முதல் அதைத்தான் பாக்கிறது. பூ வராட்டி அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி இறங்காது."