வலிக்காத வைத்தியமும் ஒரு குலவையும்

பல் வைத்தியத்தில் ஒரு கஷ்டம்: வலித்தால் திட்டுவார்கள், வலிக்காவிட்டால் நம்பமாட்டார்கள். தேனியில் சின்னதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். 2008 வாக்கில் வாய்ப்புண்ணுக்கு லேசர் கருவி வாங்கிவிட்டு நான் பட்ட பாட்டை, புண்ணில் ரசம் பட்டாலே துள்ளிக் குதிக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எரியவே இல்லையே!

கடமலைக்குண்டிலிருந்து பேச்சியம்மாளும் அவர் கணவர் தங்கராசுவும் வந்தார்கள். பேச்சியம்மாளுக்கு மாதாமாதம் வரும் வாய்ப்புண், இந்த முறை நாக்கின் ஓரத்தில். நாலு நாளில் அண்ணன் மகள் கல்யாணம். அத்தைக்காரிதான் குலவை போட வேண்டும், நாக்கை அசைக்கவே முடியவில்லை. "நான் போடலேன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரிக முந்திக்கிருவாக" என்று கண் கலங்கினார். எனக்குப் பாவமாகிவிட்டது.

கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பேனா மாதிரிக் கருவியின் சிவப்பு வெளிச்சத்தைப் புண்மேல் சில நிமிடம் காட்டினேன். சூடு இல்லை, சத்தம் இல்லை. "வலி குறையும், நாளைக்கும் வாங்க" என்றேன். தங்கராசுவுக்குத் திருப்தி இல்லை. "கொஞ்சம் எரியுற மாதிரி வச்சு விடுங்க டாக்டரம்மா, அப்பத்தான் கேக்கும்."

வீட்டு வைத்தியம்

மறுநாள் ஆளைக் காணோம். அதற்கடுத்த நாள் வந்தார்கள், புண் அப்படியே இருந்தது. பஸ்ஸுக்கு அலைவானேன் என்று தங்கராசு வீட்டிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார். மனைவிக்குத் தன் கூலிங் கிளாஸை மாட்டி, நாக்கில் காலையும் மாலையும் செல்போன் டார்ச் அடித்திருக்கிறார்!

ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். டார்ச் வேறு, லேசர் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது தெரிஞ்சுதான டாக்டரம்மா, மேல சிவப்புக் கண்ணாடித்தாளு ஒட்டுனேன்."

ஒத்திகை

அன்றைக்கும் அடுத்த நாளும் லேசர் காட்டினேன். கடைசி நாள் கண்ணாடியைக் கழற்றியதும் பேச்சியம்மாள் நாக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "மெதுவா" என்று நான் சொல்வதற்குள், சாய்ந்திருந்த நாற்காலியிலேயே போட்டாரே ஒரு குலவை! கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர் என் கை பட்டுக் கொட்டியது. வெளியே காத்திருந்த ஒருவர் வீங்கிய கன்னத்தோடு எட்டிப் பார்த்தார்: "உள்ள பல்லு புடுங்குறாகளா, சாமி கும்பிடுறாகளா?"

யாருக்கு நன்றி?

கல்யாணம் முடிந்து பேச்சியம்மாள் லட்டோடு வந்தார். தாலி ஏறும்போது, மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்குமுன்பே இவர் ஆரம்பித்துவிட்டாராம். கேட்கக் கேட்க எனக்கே பெருமை தாங்கவில்லை. புண் மறுபடி வந்தால் உடனே வரச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்: "வீரபாண்டிக் கோயில் ஆத்தாதான் புண்ண ஆத்துனா. பாவம், நீங்களும் பக்கத்துலயே இருந்தீக."

ஐந்து வருடம் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்ததற்காகக் கிடைத்த லட்டை மனசாரச் சாப்பிடுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்.