மில் வாசலில் செலினா

நம்பாவிட்டால் போகட்டும். அந்தக் கூடாரத்தில் ஊர் நெசவுக்காரிகள் பாதிப் பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கெடாது.

1901, இங்கிலாந்தின் பர்ன்லி. மத்தியானம் மில் விட்டு வந்த எங்களை ஒருவன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடித்தான். "சாயங்காலம் சந்தைக்கு வந்து உங்களையே பாருங்க!" என்றான். என் தங்கை செலினா காணாமல் போய் மூன்று வாரம். "எவன்கூடவோ ஓடிட்டா" என்று முதலாளி கிரிம்ஷா தீர்ப்புச் சொல்லி, அவள் தறிகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் எங்காவது அவள் முகம் தெரியுமா என்றுதான் போனேன்.

ஏழு மணிக்குச் சந்தைக் கூடாரத்தில் படம் ஓடியது. திரையில் முதலில் கிரிம்ஷா தொப்பியைத் தூக்கியபடி வந்தார். போனார். மறுபடி வந்தார். நான்கு முறை.

"ஐயா வீட்டுக்கு வழி மறந்துட்டாரு!" என்று பக்கத்துத் தறி டோர்கஸ் கத்தினாள். கூடாரமே மரச்செருப்பால் தரையைத் தட்டிச் சிரித்தது.

அவர் முதுகுக்குப் பின்னால்... செலினா.

சால்வை இல்லை. தலை நனைந்திருந்தது. வாய் அசைந்தது.

தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது. எங்களுக்குப் பேச்சே உதட்டில்தான். அத்தனை பேரும் படித்தோம்.

'அக்கா... குளத்துல... கதகதன்னு இருக்கு.'

மரச்செருப்புகள் நின்றன. கடகட... கடகட... படப்பெட்டி மட்டும்.

மில் குளத்தில் இன்ஜினின் வெந்நீர்தான் விழும்.

மறுநாள் காலை யாரும் தறியைத் தொடவில்லை.

"திரையில ஒரு நிழல் வாயசைச்சதுக்கு என் குளத்தை வத்தவிடணுமா?" என்றார் கிரிம்ஷா.

"உங்க தொப்பியும் நிழல்தானே, ஐயா," என்றாள் டோர்கஸ். "அதுக்கு மட்டும் கூடாரத்துல எழுந்து நின்னு கும்பிட்டுக்கிட்டீங்களே."

மாலை நான்குக்குக் குளம் வற்றியது. செலினா கிடைத்தாள். எப்படி விழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. நான் அழவில்லை. ஏனோ வரவில்லை.

புதைத்துவிட்டுத் திரும்பும்போது டோர்கஸ் மெல்லச் சொன்னாள்: "நேத்து ராத்திரி அதே படத்தைத் திரும்ப ஓட்டினாங்கடி. செலினா அதுல இல்ல."

"ம்."

"நீ இருந்தே. பக்கத்துல யாருமில்ல. ஆனா திரும்பிப் பேசுறே."

அன்று வாசலில் நான் வாயே திறக்கவில்லை.

"என்ன பேசுறேன்?"

"'சரிடி, சனிக்கிழமை வர்றேன்'னு."

"எந்தச் சனிக்கிழமை?"

"அதுக்குள்ள படம் முடிஞ்சுபோச்சு."

நாளை சனிக்கிழமை. அரை நாள்தான் வேலை.