பச்சைக் கம்பும் கடைசி வண்டியும்

கொடி பிடிக்கிற வேலைக்குக் கை இருந்தால் போதும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். காது இருக்கக் கூடாது என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகிற ரோட்டை அகலப்படுத்தியபோது, ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று என்னை வைத பெருமக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நின்றீர்கள். நான் அங்கேயே நின்றேன். உங்கள் மூக்கில் ஏறிய புழுதிதான் என் மூக்கிலும் ஏறியது. ஆக, நாமெல்லாம் ஒரே கட்சி.

பாலத்தில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். சங்கரன்கோவில் ஊர்ப் பக்கம் நான், மேற்குப் பக்கம் மாரியப்பன் அண்ணாச்சி. நடுவில் ரோடு வளைவதால் அவர் தலை எனக்குத் தெரியாது, என் தலை அவருக்குத் தெரியாது. போனில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். பேசினோம். ஜேசிபி சத்தத்தில் 'விடாதீங்க' என்று நான் சொன்னது அண்ணாச்சிக்கு 'விடுங்க' என்று கேட்டு, ஒரு பஸ்ஸும் ஒரு செங்கல் லாரியும் நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. அதற்குப் பிறகுதான் பச்சைக் கம்பு வந்தது. பச்சைத் துணி கட்டிய கம்பு ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் வண்டி விடலாம். விட்ட வண்டிகளில் கடைசி வண்டியிடம் கம்பைக் கொடுத்தனுப்பினால், அது அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்ததும் பாலம் காலி என்று அர்த்தம்.

நான் முதலில் ஜல்லிச் சட்டி சுமக்கிற ஆள். கொடி பிடித்தவர் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று போய்த் திரும்பவில்லை. "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பிடிங்கக்கா" என்றார் சூப்பர்வைசர், திண்டுக்கல் பக்கத்துத் தம்பி. பிடித்த அன்றே விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். ஜல்லி சுமந்தால் சாயங்காலம் என் மகள் தன்ஷிகாவைத் தூக்க இடுப்பு வராது. கொடி பிடித்தால் வரும். அவளுடைய அங்கன்வாடியும் நான் நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கவில்லை.

இலவசக் கம்பு

வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கம்பு காணாமல் போனது. ராயகிரிக்காரப் பெரியவர் ஒருவர், பழைய டிவிஎஸ், பின்னால் புண்ணாக்கு மூட்டை. வரிசையில் அவர்தான் கடைசி. "தாத்தா, இதைக் கொண்டு போங்க, அந்தப் பக்கம் அண்ணாச்சிகிட்ட குடுங்க" என்றேன். பின்பாதியை ஒரு லாரி ஹாரன் தின்றுவிட்டது. அவர் முகமெல்லாம் சிரிப்பாக வாங்கி, மூட்டைக் கயிற்றில் செருகிக்கொண்டு போனார்.

போனவர் அண்ணாச்சியிடம் போய்ச் சேரவில்லை. பாலம் தாண்டியதும் ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. அதில் இறங்கி யாரோ சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போய்விட்டார். பாலம் ஈ காக்கை இல்லாமல் கிடக்கிறது, இரண்டு பக்கமும் வண்டி கட்டி நிற்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணாச்சி சிவப்புக் கொடியோடு சிலை மாதிரி நிற்கிறார். "கம்பு எங்கன பேச்சி?" என்று அவர் கேட்க, "உங்ககிட்ட இல்லையா?" என்று நான் கேட்க, அன்றைக்கு முழுவதும் வேப்பங்கொப்பை ஒடித்து வைத்துச் சமாளித்தோம்.

மறுநாள் காலையில் பெரியவரே வந்து நின்றார், கம்போடு. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் காதோரம் குனிந்து கேட்டார்:

"கவர்மெண்டு குடுக்குதுன்னு நேத்து வாங்கிட்டுப் போனேன் தாயி, துணி நல்லாத்தான் இருக்கு, மாடு பத்த கம்பு கொஞ்சம் நீளமாக் கெடைக்குமா?"

கடல் தாண்டி வந்த அவசரம்

கடையநல்லூருக்குப் போகிற ஒரு கார். துபாயில் இருந்து லீவுக்கு வந்தவர் ஓட்டுகிறார் என்பது கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் அத்தர் வாசனையிலும் தெரிந்தது. என் சிவப்புக் கொடிக்கு முன்னால் முதல் ஆளாக மாட்டிக்கொண்டார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, "துபாய்ல எட்டு வழி ரோட்டை விடியிறதுக்குள்ள போட்டுருவான், இங்க ஒரு பாலத்துக்கு இத்தனை பாடு" என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் என்ன அந்தப் பாலத்தைப் போட்ட மேஸ்திரியா? சிரித்துக்கொண்டே நின்றேன். சிரித்தால் இன்னும் கோபம் வருகிறது என்பதும் இந்த வேலையில் கற்றுக்கொண்டதுதான்.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி, மடியில் பிரியாணிப் பொட்டலம். அந்தம்மா பொட்டலத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் கையை ஹாரனில் இருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"அங்க சிக்னல்ல அரைமணி நேரம்னாலும் சத்தங்காட்டாம நிப்பீங்க, ஃபைன் போடுவான்னு; இந்தப் பிள்ள ஃபைன் போடாதுங்கிற தைரியம்தானே மச்சான், கொஞ்சம் பொறுமையா, சபூரா இருங்க!"

நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள்

என்னை ஜல்லிக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது ஒரு நிச்சயதார்த்தக் கார். உள்ளே நாலு பெண்கள், மடி நிறையத் தாம்பாளம், பழம், பூ. "நீங்கதான் கடைசி வண்டி, இந்தக் கம்பை..." என்று தொடங்கினேன். முன்சீட்டில் இருந்த அம்மாள், கம்பு பாம்பாகிவிட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "ஏட்டி, நல்ல காரியத்துக்குப் போறோம், வாயைத் தொறந்து கடைசிங்கியே! எங்களுக்குப் பின்னால இன்னொரு வண்டியை விடு!"

சரி, பின்னால் நின்ற மினிபஸ்ஸிடம் போனேன். டிரைவர், "எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே ரெண்டு கை பத்தல" என்றார். கண்டக்டர், "நான் டிக்கெட்டு கிழிக்கத்தான் வந்தேன்" என்றார். அதற்குப் பின்னால் முட்டை வண்டி. முன்னால் நடந்தது அத்தனையும் அதை ஓட்டி வந்த பையன் காதில் விழுந்திருந்தது. "அக்கா, உடையிற சரக்கு ஏத்திட்டுப் போறேன், என்னைப் போயி கடைசிங்கீங்களே." கம்பு ஊரைப் பார்த்துப் பின்னால் பின்னால் போகிறதே தவிர, மேற்கே ஒரு அடி நகரவில்லை. அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் வானத்தைத் தொட்டது. கடைசியில் எல்லா வண்டியையும் விட்டுவிட்டு, நானே கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அண்ணாச்சி கையில் கம்பைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கித் திரும்பினால், சூப்பர்வைசர் தம்பி பைக்கில் நிற்கிறார். அவர் திட்டவில்லை. அவருக்கும் மேலே இருந்து போன் மேல் போன் வந்துகொண்டுதான் இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"வர்ற முகூர்த்தத்துக்கு ரெண்டு பக்கமும் கல்யாண வண்டியா வரும், கம்பெனி கேம்ப்ல இருந்து ஆம்பளை ஆளு ரெண்டு பேரை வரச் சொல்லிட்டேன், நீங்க அன்னையில இருந்து ஜல்லிப் பக்கமே போயிருங்கக்கா."

கதவு

அன்று சாயங்காலம் அங்கன்வாடிக்குப் போனால் தன்ஷிகா தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள். வெளியே போக வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கடைசியில் மாட்டிக்கொண்டாள். முன்னால் போக இடித்தாள், முன்னால் நின்ற பையன் திருப்பி இடித்தான். எனக்கு இருந்த மனநிலைக்கு நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன்.

டீச்சர் பதறவில்லை. "தன்ஷிகா, இன்னைக்கு நீதான் கதவு. எல்லாரும் போனப்புறம் நீ வந்து சாத்தினாத்தான் பள்ளிக்கூடம் முடியும்" என்றார். அழுகை சட்டென்று நின்றது. ஒவ்வொரு பிள்ளையாக வெளியே போவதைப் பெரிய மனுஷி மாதிரி பார்த்துக்கொண்டு நின்று, கடைசியாக வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். அவளை இடித்த பையன் இப்போது, "நாளைக்கு நான்தான் கதவு" என்று சிணுங்குகிறான். வீட்டுக்குப் போகிற வழியில், "இன்னைக்கு எங்க மக கடைசியா வந்தாளோ?" என்று வேண்டுமென்றே சீண்டினேன். அவள் நடுரோட்டில் நின்று, இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்:

"நான் கடைசி இல்லம்மா, நான் கதவு!"

சாவி

மறுநாள் காலையில் எனக்குக் கிடைத்த முதல் ஆள், பூ மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு மேற்கே தன் ஊருக்குத் திரும்பிய ஆட்டோக்காரர். வழக்கமாகக் கம்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். "அண்ணே, இன்னைக்கு நீங்கதான் சாவி" என்றேன். "என்ன சாவி?" என்றார். "நீங்க கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அங்கன ரோடு தொறக்கும். அம்புட்டு வண்டியும் உங்களைத்தான் எதிர்பார்த்து நிக்கி." அவர் கம்பைப் பார்த்தார், முன்னால் போகிற வண்டிகளைப் பார்த்தார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆட்டோவில் மிச்சம் கிடந்த ஒரு முழம் பூவைக் கம்பில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். மேற்கே இருந்து அண்ணாச்சி போன் போட்டு, "ஏம்மா பேச்சி, கம்பு சாமி சப்பரம் மாதிரில்லா வருது!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அன்றில் இருந்து அவரும் 'கடைசி' என்று சொல்வதில்லை, 'சாவி'தான்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கம்பைக் கண்டு ஒளிந்தவர்கள் எல்லாம் கம்புக்குப் போட்டி போட்டார்கள். கல்லூரிப் பையன்கள் மற்ற வண்டியை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒதுங்கினார்கள். பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர், தினமும் வாட்சைக் காட்டி என்னை மிரட்டுகிறவர், ஒருநாள் ஓரமாக நின்று பஸ், வேன், மாட்டுவண்டி எல்லாவற்றுக்கும் வழி விட்டுக்கொண்டிருந்தார். "சார், ஆபீஸுக்கு நேரமாகலையா?" என்றேன். யாருக்கும் கேட்காமல் அவர் சொன்னது இது:

"நேரமானா ஆகட்டும்மா, நேத்து எங்க கேஷியர் சாவி கொண்டு போனேன்னு ஒரே அலட்டல், இன்னைக்கு எங்கிட்டதான் தரணும்!"

முகூர்த்த நாள்

சொன்ன மாதிரியே கேம்ப்பில் இருந்து இருவர் என் இடத்துக்கு வந்தார்கள். கழுத்தில் விசில், கையில் கையுறை, ஆறடி உயரம். கம்பைக் கொடுத்து, "கடைசின்னு சொல்லாதீங்கண்ணே, சாவின்னு சொல்லுங்க" என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். "கம்பைச் சாவிங்க எனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?" நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜல்லிச் சட்டியைத் தூக்கினேன். சட்டி தலையில் ஏறியபோது மனசு இறங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான். ஹாரன் தொடங்கியது. விசில் அதைவிடச் சத்தமாகத் தொடங்கியது. விடிகாலை முகூர்த்தம் முடிந்து ஊரில் இருந்து கிளம்பிய வண்டிகள் என் பக்கம் நின்றன. ஒவ்வொன்றிலும் புதுமாப்பிள்ளை, புதுப்பெண், சீர்வரிசை. ஆறடி ஆள் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, "நீ கடைசி, பிடி கம்பை" என்கிறார். யார் பிடிப்பார்? மேற்கே அண்ணாச்சி போன் மேல் போன். "பேச்சி, இங்கன ஒரு மாப்பிள்ளை வேன் நிக்கி. ஒன்பது மணிக்கு ஊருக்குள்ள தாலி கட்டணும். மாப்பிள்ளை இறங்கி நடக்கப் போறேங்காரு, வேட்டி மடிச்சுக் கட்டியாச்சு!" சூப்பர்வைசர் தம்பி என்னைப் பார்த்தார். அவர் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

வரிசையின் முடிவில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடியின் கார். குனிந்து பெண்ணிடமே பேசினேன். "தங்கச்சி, உனக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு. அந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ளை தாலியும் கையுமா நிக்காரு. அவருக்குப் பாதை தொறக்கிற சாவி இது. இன்னைக்கு இதை எடுத்துட்டுப் போக உன்னைவிடப் பொருத்தமான கை இந்த ரோட்டுல கிடையாது." பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாணிக் கை ஒன்று வளையல் சத்தத்தோடு வெளியே வந்தது. "இங்க தாங்கக்கா, நானே கொண்டு போறேன்." கார் கிளம்பியது. ஜன்னல் வழியே பச்சைத் துணி பறந்துகொண்டு போனது. மற்ற கல்யாண வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அன்றைக்கு முதல் தடவையாக அது வசவு இல்லை.

மாப்பிள்ளை வேன் என்னைத் தாண்டியபோது, உள்ளே இருந்து ஒரு கை நிறைய அட்சதையை என் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள். தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று என்று சாயங்காலம் தெரிந்தது. ஆனால் நான் காத்திருந்த வார்த்தை அதற்கு முன்பே வந்துவிட்டது. சூப்பர்வைசர் தம்பி சிவப்புக் கொடியை எடுத்து வந்து என் கையில் வைத்து, அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஜல்லிக்கு வாங்க, இந்த ரோடு முடியிற வரைக்கும் கொடி அக்காகிட்டதான், அடுத்த ரோட்டுக்கும் அக்காதான்னு மேல சொல்லிட்டேன்."

பாலம் முடிந்து நீங்களெல்லாம் நிற்காமல் பறக்கிறீர்கள், நானும் அடுத்த ரோட்டில் கொடியோடு நிற்கிறேன். பஸ், லாரி, மாப்பிள்ளை வேன் என்று எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் நிறுத்துகிற எனக்கு, சோறு ஊட்டும்போது வீட்டில் ஒரு பிள்ளையை ஒரு இடத்தில் நிறுத்த மட்டும் இன்னும் வரவில்லை.