அர்த்தம் தெரியாத மாற்றம்

எங்கள் மகள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. திருச்சியிலிருந்து டாக்டர் போன் செய்தார். "ரெண்டு பேரும் ஒரு தடவை வர முடியுமா? பாப்பாவோட பழைய ரிப்போர்ட் பத்திப் பேசணும்."

நாலு வயது வரை இருந்தாள். ஒரு நாளும் தானாக உட்கார்ந்ததில்லை. தினமும் வலிப்பு வரும். எங்கள் மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். குழந்தையின் மரபணு ஒன்றில் மாற்றம் இருக்கிறது, அர்த்தம் இன்னும் தெரியவில்லை என்று பதில் வந்தது. அதனால் நாங்களே காரணம் தேடிக்கொண்டோம். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் முசிறியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது என் மனைவி பஸ் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். குழந்தைக்கு விடாமல் வலிப்பு வந்து ஓய்ந்த ஒரு மதியம், "போக வேணாம்னு அப்பவே சொன்னேன்ல" என்று கத்திவிட்டேன். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதை நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நாங்கள் நேரில் போனபோது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதே மாற்றம் உள்ள குழந்தைகளை வேறு நாடுகளிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நோய்க்கு அதுதான் காரணம் என்று இப்போது உறுதியாகிவிட்டது. "உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அது இல்ல. கரு உருவானப்பவே தானா வந்தது."

"அப்ப நான் விழுந்தது...?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"மருந்து ஏதாவது இருந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குழந்தையை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மகளின் விவரங்களை ஆராய்ச்சியில் சேர்க்கச் சம்மதமா என்று டாக்டர் தயக்கத்தோடு ஒரு தாளை நீட்டினார்.

"அவ பேர் வருமா?"

"வராதும்மா. ஒரு நம்பர் மட்டும்தான்."

பேனாவை வெகுநேரம் பிடித்திருந்து, கையெழுத்துப் போட்டாள்.

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும், "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"இப்பச் சொல்லாதீங்க" என்றாள். "அவளைத் தூக்குறப்பல்லாம் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டேதாங்க தூக்குனேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நாளாச்சும் சும்மா கொஞ்சியிருப்பேன்."

அம்மாமண்டபம் நிறுத்தத்தில் இறங்கினோம். அவள் முன்னால் நடந்தாள். கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.